முட்டையில் மயிர்

வெர்டோலில் இரவு இரண்டேகால்.
லென்னே ஆற்றின் மேல் மூடுபனி.
சோதனைக் கூடத்தில் நானும் ஒரு சக்கரமும்.

பத்தொன்பது அங்குலம், பத்துக் கம்பி,
கறுப்பு உடம்புக்குச் செப்பு விளிம்பு.
பார்த்தால் வாங்கத் தோன்றும்.
எனக்கே தோன்றியது,
துருவேறிய இரும்புச் சக்கரத்துக்கு
பிளாஸ்டிக் மூடி மாட்டி ஓட்டுகிறவளுக்கே.

திங்கட்கிழமை இதன் தம்பியைப்
பதின்மூன்று டிகிரி சாய்த்துக் கட்டி
மேலே எடையை விழவிட்டோம்.
கூடம் ஒருமுறை பல்லைக் கடித்தது.
விளிம்பு நசுங்கியது.
டயரோடு காதை வைத்து ஒரு நிமிடம் கேட்டேன்,
சீறல் இல்லை.
தேறியது என்று எழுதினேன்.

இன்று வளைவுச் சோதனை.
விளிம்பை எந்திரம் கவ்விக்கொள்ள
நடுவில் போல்ட் பூட்டிய தண்டு
சுற்றிச் சுற்றி வளைக்கிறது,
முடியாத ஒரு திருப்பத்தை
சாலையே இல்லாமல் ஓட்டுவதுபோல.
இரண்டு லட்சம் சுற்று.
எண்காட்டி அதைத் தொட்டது.
பச்சை விளக்கு எரிந்தது.
எந்திரத்துக்கு அத்தோடு வேலை முடிந்தது.

ப்ராஷ் ஏழு மணிக்கு வருவார்.
வார்ப்பச்சுக்குக் கடன் வாங்கிய மனிதர்.
எத்தனை கடனென்று சொன்னதில்லை.
சக்கரத்தை அவர் சுமந்து வந்தது
முயல் படம் போட்ட குழந்தைப் போர்வையில் சுற்றி.

சிவப்புச் சாயம் தெளித்தேன்.
ஊறட்டும் என்று ரொட்டியைப் பிரித்தேன்.
பாதி தின்பதற்குள் நேரமாகிவிட்டது.
துடைத்தேன்.
வெள்ளை மாவுப் பூச்சைப் பீய்ச்சினேன்.

இங்கே எனக்கொரு பட்டப்பெயர் உண்டு:
முட்டையில் மயிர் பிடுங்குகிறவள்.
ஹென்னிங் முகத்துக்கு நேரேயே சொல்வான்.
மற்றவர்கள் காப்பி எந்திரத்தருகே.

மூன்றாவது போல்ட் துளைக்குப் பக்கத்தில்
வெள்ளைக்குள்ளிருந்து எழுந்தது
சிவப்பாய் ஓர் இழை,
அரை நகத்தின் நீளம்.

அழுக்காக இருக்கட்டும் என்று
விரலால் தேய்த்தேன்.
மறுபடி பூசினேன்.
மறுபடி கசிந்தது, அதே இடத்தில், அதே வளைவில்.

கூடத்தில் வேறு யாருமில்லை.
துணி ஈரமாக என் கையில் இருந்தது.
எந்திரம் பச்சையாக இருந்தது.

நாற்பத்தைந்தாம் நெடுஞ்சாலையில்
இதைப் பூட்டிக்கொண்டு போகவிருந்தவன்
யாரென்று எனக்குத் தெரியாது.
ஏதோ ஓர் ஞாயிறு
மனைவியோடு வாக்குவாதம் செய்தபடியே
வீடு போய்ச் சேர்வான்.
எங்கள் கோப்பில் அதற்குப் பக்கம் கிடையாது.

தேறவில்லை.
கீழே கையெழுத்து: வீ. ஓஸ்டன்டார்ஃப்.
ரொட்டியின் மறுபாதி இறங்கவில்லை.

ஏழடிக்க ஐந்து நிமிடம். ப்ராஷ்.
"எங்கே?" என்றார்.
காட்டினேன். தெரியவில்லை.
என் உருப்பெருக்கியைக் கொடுத்தேன்.
முழங்காலிட்டு வெகுநேரம் பார்த்தார்.
"எத்தனையாவது சுற்றில்?"
தெரியாது, முடிந்த பிறகுதான் பார்த்தேன்.
"பார்க்காமல் விட்டிருந்தால்?"
தேறியிருக்கும்.

அவர் திட்டுவாரென்று நின்றேன்.
"அந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டர் கூட்டினால்?"
எடை ஏறும்.
"ஏறட்டுமே" என்றார்,
எனக்கில்லை, சக்கரத்துக்கு.

தேறாததை அறுத்துத்தான் வெளியே விடவேண்டும்.
ஹென்னிங் ரம்பத்தை முடுக்கினான்.
அந்தச் சத்தத்துக்குள் ப்ராஷ்
போர்வையை எடுத்து உதறி
மூலைக்கு மூலை சேர்த்து மடித்தார்.
ஒரு முயலின் காதில் என் சாயம்,
ஒரே ஒரு சொட்டு.
"சோப்புக்குப் போகுமா?" என்றார்.

போகும் என்றேன்.

அந்த ஒன்றுக்கு மட்டும்
சோதித்துப் பாராமல்
சான்று கொடுத்தேன்.